பதினோரு மணிக்கு மரச்சீனி

செவ்வாய்க்கிழமை, சர்க்கரை பார்க்கும் நாள்.
நூற்றுப் பதினேழு டோக்கன்.
தாசையன் நீட்டிய விரலில்
காய்ந்த ரப்பர்ப்பால் இன்னொரு தோலாக ஒட்டியிருந்தது.
அதை உரித்துவிட்டுத்தான் குத்தினேன்.
இருநூற்று எண்பத்திநாலு.

டாக்டர் இளவேனில் தர்மபுரிக்காரி.
குலசேகரம் பக்கம் வந்து ஆறாவது வாரம்.
சீட்டின் பின்னால் ஒரு வட்டம் போட்டார்.
இது உங்க தட்டு.
பாதிக்குக் காய், கால்வாசி சோறு,
மிச்சத்துக்கு மீனோ பயறோ.

தாசையன் விரலால் வட்டத்தைச் சுற்றி வந்தார்,
வாசல் தேடுகிறவர் மாதிரி.
"இதில மரச்சீனிக்கு எங்க எடம்?"

டாக்டர் என்னைப் பார்த்தார்.
மரவள்ளி, என்றேன்.
"அதையா தினமும்? எங்க ஊர்ல அது
லாரியில ஏறி ஜவ்வரிசி மில்லுக்குப் போகும்."
"இங்க சாளைக்கறியில எறங்கி
எங்கிட்ட வரும்."
மூன்று பேரும் சிரித்தோம்.
வட்டத்தில் இடம் மட்டும் கிடைக்கவில்லை.

அச்சடித்து வந்திருந்த தாளில்
ஓட்ஸ் இருந்தது, ப்ரோக்கோலி இருந்தது.
பேனாவால் அடித்துவிட்டு
சம்பா அரிசி, முருங்கையிலை என்று எழுதினேன்.
ஆலிவ் எண்ணெயை அடித்தபின்
தேங்காயெண்ணெய் என்று எழுதக் கை கூசி
அளவோடு
என்று மட்டும் எழுதினேன்.
எதன் அளவு என்று அவர் கேட்கவில்லை.

மூன்று மாதம் சொன்னதெல்லாம் செய்தார்.
பழம்பொரியை விட்டார்.
சம்பந்தி வீட்டு முந்திரிக்கொத்தை
முகர்ந்து பார்த்துத் திருப்பி வைத்தாராம்.
கட்டன்சாயாவில் ஒரு பொட்டுச் சீனி இல்லை.

ஒரு விடியலில்
எண்பதாவது மரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில்
விழுந்து கிடந்தார்.
பக்கத்துத் தோட்டத்தில் வெட்டிக்கொண்டிருந்த வேலப்பன்
நெற்றிவிளக்கின் வெளிச்சம்
தரையிலேயே நிற்பதைப் பார்த்து ஓடிவந்திருக்கிறார்.
முகத்தில் தண்ணீர். கண் திறந்ததும்
மடியிலிருந்த மட்டிப்பழம்.

மறுநாள் டாக்டர் கேட்டார்,
அதுவரை யாரும் கேட்காததை.
"எத்தனை மணிக்கு எழுந்திருப்பீங்க?"
"ரெண்டரை."
"மாத்திரை?"
"காலையில சாப்பாட்டுக்கு முன்னன்னு எழுதியிருக்கே.
மூணு மணிக்குப் போடுவேன்."
"சாப்பாடு?"
"வெட்டி முடிச்சு, பால் எடுத்து, ஆசிட் ஊத்தி...
பதினோரு மணியாவும்."

பதினாறு வருஷமாக இந்த நாற்காலியில் இருக்கிறேன்.
என் வீட்டுக்காரருக்கும்
அலாரம் ரெண்டரைக்குத்தான் அடிக்கிறது.

டாக்டர் கொஞ்சநேரம் பேசவில்லை.
இன்னொரு தாள் எடுத்து
அதே மாதிரி ஒரு வட்டம் போட்டார்.
இந்தமுறை மேலே பன்னிரண்டு என்று எழுதினார்,
கீழே ஆறு.
மூன்றுக்குப் பக்கத்தில் அவித்த பயறு, ஒரு கிண்ணம்.
மாத்திரையைப் பாதியாக்கி
பதினொன்றின் ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்.
பிறகு பேனாவைத் தூக்கி யோசித்து
பதினொன்றிலேயே எழுதினார்:
மரச்சீனி, உள்ளங்கையளவு.
அதைவிடப் பெரிதாகக் கீரைத் துவரன்.
"யாரோட உள்ளங்கை?" என்றார் தாசையன்.
டாக்டர் தன் கையைக் காட்டினார்.
"அது சின்னதில்லா!"

கார்த்திகையில் வீடு பார்க்கப் போனேன்.
புகைப்புரையில் தொங்கும் ஷீட்டுகளுக்கு நடுவே
அந்தத் தாளையும் கிளிப் மாட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.
ஷீட்டின் நிறத்துக்கே வந்திருந்தது.
பதினொன்றுக்கு நேரே
லில்லிபாய் ஒரு மீன் வரைந்திருந்தாள்.
சாளையா என்றேன்.
"சாளையாத்தான் தொடங்கினேன்,
வரைய வரைய அயிலையாப் போச்சு."

விரலில் இன்றும் பால்.
உரித்தேன். குத்தினேன்.
நூற்று எழுபத்தொன்று.
இன்னும் குறையணும் என்றேன்.
"கொறையும். நீங்க உக்காருங்கோ,
கெழங்கு வெந்தாச்சு."

மணி பார்த்தேன்.
பத்தே முக்கால்.